ஊட்டிக் குளிரில் எலக்ட்ரிக் சோக்: ஆறு வருட அனுபவம்

மேட்டுப்பாளையத்து மெக்கானிக் அண்ணன் மூன்றாவது தடவையும் அதையேதான் சொன்னார்: "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது." அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணெதிரே வண்டி நல்லாத்தான் இருந்தது. காலையில் ஊட்டியில் கரும்புகை கக்கிக்கொண்டு கிளம்பும் கார், குன்னூர், பர்லியாறு தாண்டி ஐம்பது கிலோமீட்டர் இறங்கி வந்து சேரும்போது பரம சாதுவாகிவிடும். மறுநாள் விடிந்தால் பழையபடி புகை.

கார் 1972 மாடல் வோக்ஸ்வேகன் பீட்டில், 1600 சிசி, மாமனார் வழியில் வந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தருவதுதான் சோக். அம்பாசடர், பத்மினி ஓட்டியவர்களுக்குச் சோக் என்றால் டேஷ்போர்டில் இழுக்கும் குமிழ். இதில் அது கிடையாது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு மூடி. உள்ளே சுருள் வடிவில் இரட்டை உலோகப் பட்டை, அதைச் சூடாக்க ஒரு ஹீட்டர். சாவியைத் திருப்பியதும் இக்னிஷன் காயில் முனையிலிருந்து கரண்ட் போகும், சுருள் சூடாகி வளையும், காற்றுவழியை மூடியிருக்கும் சோக் தகடு மெல்ல மெல்லத் திறக்கும். மூன்று, நான்கு நிமிட வேலை.

என் வண்டியில் அதற்குக் கால் மணி நேரம் ஆனது. அது எனக்குத் தெரியவந்தது எட்டு மாதம் கழித்துத்தான். அதுவரை கண்ணில் பட்டதெல்லாம் விளைவுகள்: பெட்ரோல் நாற்றம், கரிபிடித்த பிளக்குகள், லிட்டருக்குப் பதினொன்றிலிருந்து ஏழுக்கு இறங்கிய மைலேஜ். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தால் அதிலும் பெட்ரோல் வாசம். பயமுறுத்தியது வேறொன்று. சோக் திறக்காத வரை ஐடிலிங்கும், அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகமும், இறங்காது. காலையில் கிளம்பி லவ்டேல் பக்கம் இறக்கத்தில் செகண்ட் கியரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டி பிடித்து நிற்பதற்குப் பதில் பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல ஓடும்.

இதில் மலையும் சேர்ந்து ஏமாற்றியது. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் அளவுதான். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்குப் போட்ட ஜெட் (பெட்ரோல் அளந்து போகும் சின்னத் துளை) இங்கே எப்படியும் பெட்ரோலைக் கொஞ்சம் கூடத்தான் கொடுக்கும். அதனால் ஆளாளுக்கு "மலைக்கு இப்படித்தான்" என்றார்கள், நானும் நம்பினேன். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினோம். நீடில் வால்வு மாற்றினோம். மெயின் ஜெட்டை ஒரு அளவு குறைத்தோம். கடைசியில் ஆன்லைனில் புதுச் சோக் மூடியே வாங்கி மாட்டியாயிற்று. புகை மட்டும் போகவில்லை.

ஒரு டிசம்பர் காலை, புல்லெல்லாம் உறைபனி. ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சின் பக்கத்திலேயே நின்றேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது. ஆக்சிலேட்டரை ஒரு தடவை அழுத்தி விட்டேன். தகடு முழுசாக மூடியது. ஸ்டார்ட் ஆனதும், எஞ்சின் உறிஞ்சலில் வேலை செய்யும் வேக்குவம் டயாஃப்ரம் அதைச் சில மில்லிமீட்டர் இழுத்துத் திறந்தது. இதுவரை சரி. அப்புறம் கையில் கடிகாரத்தோடு பார்த்தால் ஐந்து நிமிடம் ஆகியும் தகடு அசைந்த மாதிரியே இல்லை. விரலால் தள்ளினால் இறுக்கமில்லாமல் நகர்கிறது, ஆக ஒட்டிக்கொள்ளவில்லை. மூடியைத் தொட்டேன். வெதுவெதுப்புகூட இல்லை.

மல்டிமீட்டர் வைத்தோம். இந்த இடத்தில்தான் முன்பும் ஏமாந்திருந்தோம். சோக்குக்கு வரும் ஒயரைப் பிடுங்கி அதன் நுனியில் வைத்தால் 13.1 வோல்ட். முன்பு இதைப் பார்த்துவிட்டுத்தான் "சப்ளை வருது" என்று மூடிக்கு ஆர்டர் போட்டோம். இந்தத் தடவை ஒயரை மாட்டியபடியே டெர்மினலில் வைத்தேன்: 6.4. பத்து இழையில் ஒரே இழை மிச்சமிருந்தாலும், இழுக்க ஆளில்லாதபோது மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். ஹீட்டர் கரண்ட் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். வோல்ட் பாதியானால் சூடு பாதியாகாது, கால் பங்காகிவிடும். அந்தக் கால் பங்குச் சூட்டோடு எஞ்சின் சூடும் சேர்ந்து எப்படியோ தகடு திறந்துகொண்டிருந்தது, அதுவும் கால் மணி நேரம் கழித்து.

காயிலிலிருந்து ஒயரைத் தடவிக்கொண்டே வந்தேன். நடுவில் யாரோ என்றோ முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஒட்டு. பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. ஊட்டி மூடுபனியில் சும்மா முறுக்கிவிட்ட ஒட்டு வேறென்ன ஆகும்? சாவியை அணைத்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஐடில் கட்-ஆஃப் வால்வுக்கும் அதே காயில் முனையிலிருந்துதான் கரண்ட். ஆனால் ஒயர் தனி. அது டிக்கென்று சத்தம் கொடுத்ததால் இந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை. புது ஒயர், அதன் நுனிகளுக்கு இரண்டு லக், ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை வண்டி ஒரு நிமிடத்தில் இருமி அணைந்தது! புகையைக் குறைக்க, சோக் சீக்கிரம் திறக்கும்படி யாரோ மூடியைத் திருகி வைத்திருந்தார்கள், மெயின் ஜெட்டும் சின்னது. மூடியின் கோட்டை நடு அடையாளத்துக்கு நேராக வைத்து, பழைய ஜெட்டையும் திரும்பப் போட்ட பிறகுதான் ஒழுங்காகியது.

இது நடந்து ஆறு வருடமாகிறது. வருடத்துக்கு ஒரு தடவை, மழை முடிந்ததும் டெர்மினலைச் சுரண்டித் துடைப்பேன்; தகட்டின் தண்டுக்குக் கிளீனர் மட்டும், ஆயில் போட்டால் தூசி பிடிக்கும். எரிச்சல்கள் இல்லாமல் இல்லை. சாவியை ஆனில் விட்டுப் பாட்டுக் கேட்டால் சோக் தானே திறந்துவிடும், பிளாட்டினம் பாயிண்ட் வண்டி என்பதால் காயிலும் சுடும். தொட்டபெட்டா சந்திப்பில் டீக்கு நிறுத்தினால் குளிர்காற்றில் சோக் சீக்கிரம் ஆறிப் பாதி மூடிக்கொள்ளும், எஞ்சினோ இன்னும் கொதிக்கும். அப்போது ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துத்தான் கிளப்ப வேண்டும்.

பத்மினி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கைச் சோக்குக்கு மாற்றச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு மனசில்லை. பழைய மூடி மேசை டிராயரில் கிடக்கிறது; போன மாதம் பன்னிரண்டு வோல்ட் கொடுத்துப் பார்த்தேன், இரண்டு நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு.