கண்ணாடி விரிசல்: ரெசின் போதுமா, மாற்றணுமா?

ஏற்காடு இறங்கும்போது கல் தெறித்து, காரின் முன்கண்ணாடியில் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாகப் பொட்டு விழுந்தால் உடனே ரெசின் (ஊற்றியதும் இறுகும் பிசின்) வைத்து அடைத்துவிடுங்கள். செலவு குறைவு, கம்பெனியில் ஒட்டிய கண்ணாடியும் அசையாது. தள்ளிப்போட்டால், சேலத்து வெயிலில் கொதித்த கண்ணாடி மேலே குளிரில் சுருங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவின் குலுக்கலும் சேர்ந்து பொட்டு கோடாக ஓடிவிடலாம்.

கோடு நீண்டாலோ, ஓரத்தைத் தொட்டாலோ, ஓட்டுபவர் பார்வைக்கு நேராக இருந்தாலோ மாற்றுவதுதான் சரி, ஏனென்றால் ரெசின் தழும்பு ராத்திரி மலைப்பாதையில் எதிர்வண்டி விளக்குபட்டுக் கண்ணைக் கூசவைக்கும். புதிதாகப் போடுவது லேமினேட்டட் கண்ணாடிதானா (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) என்று பாருங்கள். அப்புறம், புதுக் கண்ணாடியை ஒட்டிய பசை இறுகும்வரை வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். பல கார்களில் பக்கத்து சீட் ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடிதான் தாங்கும். இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை, ஆனால் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருஷத்துக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போகலாம்.