திருகோணமலையில் பிள்ளைகளோடு சுற்றப் போகிறீர்களா? அந்த 200 ரூபாச் சனிடைசர்ப் போத்தலை வாங்காதீர்கள்

கடையின் பெயரைப் போடவில்லை. போடச் சொல்லி மச்சாள் இரண்டு நாளாக நச்சரிக்கிறார். கையில் பில் இல்லாமல் பெயரைப் போட்டுவிட்டு நான் பொலிசுக்கு அலைய முடியாது. அதனால் சாமானின் அடையாளத்தைச் சொல்கிறேன். எந்தக் கடை மேசையில் கண்டாலும் விலகிப் போங்கள்.

போன பள்ளிக்கூட விடுமுறைக்கு மட்டக்களப்பிலிருந்து மச்சாள் தன் இரண்டு பொடியன்களோடு வந்திருந்தார். மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு இரண்டு. என் மகளுக்கு நாலு. மூன்று பேருக்கும் ஆறு கை, அதில் ஒன்று எந்நேரமும் சின்னவனின் வாயில் இருக்கும். பெருவிரல் சூப்புகிறவன் அவன். ஒரு நாள் முழுக்க வெளியில் சுற்றுவது என்று முடிவானதும் எனக்கு முதலில் வந்த யோசனையே அந்தக் கை பற்றித்தான்.

டவுனில் பிளாஸ்டிக் வாளி, குடை, தலைக்கிளிப் எல்லாம் விற்கிற கடை ஒன்று. வாசலில் ஒரு மேசை, அதில் வரிசையாகச் சின்ன ஸ்பிரே போத்தல்கள். நீல மூடி, லேபலில் ஒரு கையும் ஒரு பச்சை இலையும், கீழே "75% அல்கஹோல்". ஒன்று 200 ரூபா, மூன்று எடுத்தால் 500. பார்மசியில் அதே அளவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கேட்பார்கள்.

"கொழும்புச் சாமான் தங்கச்சி. கொரோனா நேரம் ஆஸ்பத்திரிக்கே இதுதான் போனது" என்றார் கடைக்காரர். பில் கேட்டேன். "500 ரூபாச் சாமானுக்குப் பில்லா?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

காலையில் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோயிலுக்குப் பிரட்றிக் கோட்டைக்குள்ளால்தான் போக வேண்டும் என்பது வந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே போனதும் புள்ளிமான்கள். ஊர் மான்களுக்கு ஆளைக் கண்டு பயமே கிடையாது, பையைத்தான் பார்க்கும். மூத்தவன் வாழைப்பழம் ஒன்றைத் தோலோடு நீட்ட, மான் பழத்தையும் தின்று அவன் உள்ளங்கையையும் நன்றாக நக்கிவிட்டது. அவன் கூச்சத்தில் கத்திக்கொண்டு, கோயிலுக்கென்று நான் கட்டிய சாரியில் கையைத் துடைத்தான்.

வீராங்கனை மாதிரிப் போத்தலை எடுத்தேன். மூன்று பேருக்கும் இரண்டு தடவை அடித்தேன். தேசிக்காய் வாசம் ஜம்மென்று வந்தது. ஆனால் கை காயவில்லை. மகள் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னும் ஈரம்" என்றாள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கொஞ்சம் தள்ளி ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. "ஒருக்கா கழுவிவிடுவமே" என்றார் மச்சாள். "அதுதான் அடிச்சாச்சே மச்சாள், வாங்கோ, பூசை தொடங்கப் போகுது" என்று இழுத்துக்கொண்டு நடந்தேன். 500 ரூபா போனது பெரிய விசயமில்லை. பையில் அந்தப் போத்தல் இருக்கிற தைரியத்தில் அன்று முழுக்க நான் கண்ட குழாயை எல்லாம் கடந்து போனேன். அது இல்லாவிட்டால் முதல் குழாயிலேயே ஆறு கையையும் தேய்த்துக் கழுவியிருப்பேன்.

பின்னேரம் உப்புவெளிக் கடற்கரை. கச்சான், அப்புறம் இறால் வடை. வடை எண்ணெய் வழிகிற விரலோடு மணல்வீடு, மணல்வீட்டிலிருந்து திரும்பவும் வடை. இடையிடையே நான் போய் புஸ் புஸ் என்று அடிப்பேன். எண்ணெயும் மணலும் தேசிக்காய் வாசமும் சேர்ந்து விரலிடுக்கில் பசையாகத் திரண்டது. சின்னவன் அந்தப் பெருவிரலைத்தான் வாயில் வைத்துக்கொண்டு மச்சாள் தோளில் தூங்கிப்போனான்.

மறுநாள் இரவு முதலில் சின்னவன் வாந்தி எடுத்தான். விடிவதற்குள் என் மகளும். மூத்தவனுக்கு வயிற்றோட்டம் மட்டும். வீட்டில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புத் தூள்) இருந்ததால் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கினோம். விடிந்ததும் டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு நாளில் தேறிவிட்டார்கள், கடவுள் புண்ணியம்.

வடையா, மானா, மணலா, கையா என்று டொக்டரைக் கேட்டேன். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அதனால் போத்தல்தான் பிள்ளைகளை வருத்தத்தில் போட்டது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அவர் சொன்ன வேறொரு விசயம் எனக்குப் புதிது. நல்ல சனிடைசரே ஆனாலும் எண்ணெய்க் கையிலும் மண் பிடித்த கையிலும் சரியாக வேலை செய்யாதாம். அல்கஹோல் கிருமியின் கொழுப்புத் தோலைக் கரைத்தும் புரதத்தைக் குலைத்தும் அதைக் கொல்கிறது. வாந்தி, வயிற்றோட்டத்தைக் கொண்டுவருகிற நோரோ வைரசுக்கு அந்தத் தோலே கிடையாது, அதனால் அதற்கு அல்கஹோல் அவ்வளவாகப் படாது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவினால் கிருமி செத்தாலும் சாகாவிட்டாலும் கையை விட்டுப் போய்விடும். மிருகங்களைத் தொட்ட கைக்கும் அதே கதைதான், கட்டாயம் சவர்க்காரம்.

போத்தலின் வண்டவாளத்தை வெளியே கொண்டுவந்தவன் என் தம்பி. அவன் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன். வீட்டுக்கு வந்தவன் மேசையில் கிடந்ததை எடுத்து ஒரு தடவை கையில் அடித்தான், மோந்தான், என்னைப் பார்த்தான். "அக்கா, இது அறை கழுவுற தண்ணி." அல்கஹோல் என்றால் பட்டதும் சில்லென்று குளிர்ந்து, தேய்க்கத் தேய்க்க அரை நிமிடத்துக்குள் காய்ந்துவிட வேண்டுமாம். இது வாசம் மட்டும் விட்டுவிட்டு அப்படியே நின்றது.

எனக்கு இன்னும் மனம் கேட்கவில்லை, மூன்று போத்தல் வாங்கியவள் அல்லவா. சரி, பார்ப்போம் என்று அவன் திறக்காத ஒன்றையும், பார்மசியில் வாங்கி அவன் பையில் வைத்திருந்த ஒன்றையும் இரவே பிரீசரில் வைத்தான். வீட்டுப் பிரீசரின் குளிருக்கு 60 வீதத்துக்கு மேல் அல்கஹோல் இருக்கிற எதுவும் கட்டியாகாது. காலையில் எடுத்தோம். பார்மசிப் போத்தல் குளிர்ந்து வியர்த்திருந்தது, சரித்தால் உள்ளே ஓடியது. என்னுடையது ஐஸ்பழம். அடிப்பக்கம் வீங்கி, மேசையில் நிமிர்ந்து நிற்கவும் மாட்டேன் என்றது. தட்டினால் டொக் டொக் என்று சத்தம். மகள் அதைக் கன்னத்தில் வைத்துக் குளிர் பார்த்தாள். நெருப்பு வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம். பிரீசர் போதும்.

பிறகுதான் லேபலை வாசித்தேன். வாங்கும்போது ஏன் வாசிக்கவில்லை என்று கேட்காதீர்கள். 75 வீதம் என்று இருக்கிறது, எந்த அல்கஹோல் என்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் கொடுத்த கலவை முறைகளில் எதனோல் 80 வீதம் அல்லது ஐசோபுரோப்பைல் 75 வீதம் என்று பெயரோடுதான் இருக்கும் என்றான் தம்பி. செய்தவர் முகவரி இல்லை. தொகுதி இலக்கம் இல்லை, தயாரித்த திகதி, முடிவுத் திகதி இரண்டும் இல்லை, உச்ச விலையும் அச்சடிக்கவில்லை. லேபலின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினால் கீழே இன்னொரு லேபல், ஏதோ பன்னீர் போத்தலுடையது. யாரோ பழைய போத்தல் சேர்த்து, தண்ணீரும் வாசமும் விட்டு, மேலே இதை ஒட்டியிருக்கிறார்கள்.

தண்ணீராக இருந்ததே நல்லகாலம் என்று தம்பி சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் சொன்ன காரணத்தைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். 2020இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மெதனோல் கலந்த சனிடைசர்களுக்கு நீண்ட எச்சரிக்கைப் பட்டியலே போட்டது. மெதனோல் தோல் வழியாகவும் உள்ளே போகும், குடித்தால் கண் பார்வையே போகலாம், உயிரும் போகலாம். இப்படிப் பெயர் முகவரி இல்லாத போத்தலில் மலிவுக்கு எதை ஊற்றியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் விரல் சூப்புகிறவன் ஒருவன் இருக்கிறான்.

ஐஸ்கட்டிப் போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். மச்சாளும் வந்தார், எனக்குக் கதைக்க வராது என்று அவருக்குத் தெரியும். கடைக்காரர் போத்தலைத் தொடக்கூட இல்லை.

"பிரிட்ஜில வச்சா எல்லாம்தான் இறுகும், தங்கச்சி."

"பார்மசியில வாங்கினது இறுகேல்லையே?"

"அப்ப அங்கயே வாங்கியிருக்கலாமே. திறந்த சாமான் நாங்கள் மாத்திறதில்லை. பில் இருக்கா?"

பில் தராத மனிதர் பில் கேட்கிறார். அதற்குமேல் மச்சாள் பேசியதை இங்கே எழுத முடியாது. கடைசியில் கடைக்காரர் 200 ரூபாவை எடுத்துக் கல்லா மேசையில் போட்டு, "சத்தம் போடாமப் போங்கோ" என்றார். மச்சாள் அந்தத் தாளை எடுக்கவில்லை. நான் எடுத்திருப்பேன், உண்மையைச் சொன்னால்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து விசயத்தைச் சொன்னேன். அங்கேயும் பில் பற்றிக் கேட்டார்கள், அது நியாயம்தான். அதனால் 50 ரூபாச் சாமானாக இருந்தாலும் பில் கேளுங்கள், சிரித்தால் சாமானை வைத்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் கடைப் பலகை தெரிய, மேசை தெரிய, போத்தலை ஒரு படமாவது எடுத்து வையுங்கள். என்னிடம் அதுவும் இல்லை.

இப்போது நாங்கள் வெளியில் போகும்போது என்ன செய்கிறோம் என்று கேட்டால், அம்மம்மா காலத்து வேலைதான். சவர்க்காரத்தைப் பெருவிரல் அளவு துண்டுகளாக வெட்டி ஒரு மூடிப் பெட்டியில் போட்டுக்கொள்கிறேன். ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலின் மூடியில் சுட்ட ஊசியால் ஐந்தாறு ஓட்டை. தலைகீழாகப் பிடித்து அமுக்கினால் பூவாளி மாதிரி வரும், மூன்று பேருக்கும் இரண்டு தடவை தாராளமாகக் காணும். பிள்ளைகள் 20 வரை எண்ணிக்கொண்டு தேய்க்க வேண்டும். மூத்தவன் 12க்கு அப்புறம் 18க்குத் தாவுவான், பிடித்துத் திரும்ப எண்ண வைப்பேன். பெருவிரலையும் விரலிடுக்கையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அங்கே நானே தேய்த்துவிடுவேன். பிறகு உலர்ந்த துவாயால் துடைத்துவிட வேண்டும், ஈரக் கையில் கிருமி சுலபமாகத் தொற்றும். பார்மசிச் சனிடைசரும் பையில் இருக்கிறது, ஆனால் அது பஸ்ஸிலும் படகிலும் தண்ணீருக்கு வழியில்லாத இடத்துக்கு மட்டும். அதுவும் நான்தான் ஊற்றுவேன், காயும் வரை கை வாய்க்குப் போகாமல் பிடித்துக்கொள்வேன். போத்தலைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை.

மற்றப் போத்தல் இன்னும் எங்கள் பிரீசரில் மீனுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மச்சாள் எறிய விடவில்லை, சாட்சியாம். நேற்றுச் சாமான் வாங்கப் போனபோது அந்தக் கடையைத் தாண்டித்தான் போனேன். அதே மேசை, அதே இலை, அதே கை. மூடி மட்டும் இப்போது பச்சை. விலை 250.