ஹைபிரிட் காரின் இன்வெர்ட்டருக்கு எந்த மாட்யூல்: சிலிக்கானா, சிலிக்கான் கார்பைடா?

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வருவதற்குள் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கார் ஊர்ந்துதான் நகர வேண்டியிருக்கிறது. அந்த நேரங்களில் ஹைபிரிட் காரின் மோட்டார் இழுப்பது மிகக் குறைந்த மின்னோட்டமே. எனவே பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கான மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரில், மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சில்லுகள் (சிப்கள்) அடங்கிய பவர் மாட்யூலை எடைபோட உச்சத் திறனைவிட இந்த ஊர்தலையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பேன்.

சிலிக்கானில் செய்யப்படும் ஐ.ஜி.பி.டி. என்ற டிரான்சிஸ்டர் சுவிட்ச், சிறு மின்னோட்டத்திலும் ஒரு வோல்ட்டுக்கு அருகே விழுங்கிவிடும். அணைக்கும்போது மின்னோட்டம் வால்போல் நீண்டு மறைவதால் அப்போதும் வெப்பம் பிறக்கும். சிலிக்கான் கார்பைடில் செய்யப்படும் மாஸ்ஃபெட் என்ற இன்னொரு வகை சுவிட்ச் வெறும் மின்தடைபோல் நடந்துகொள்வதால், மின்னோட்டம் பாதியானால் அதன் கடத்தல் இழப்பு கால்பங்காகிவிடும். ஊர்தலில் வெற்றி ஐயமின்றி இதற்கே.

ஆனால் விலை குறுக்கே நிற்கிறது. முழு மின்சாரக் காரில் மிச்சமாகும் மின்சாரத்தால் பேட்டரியையே சிறிதாக்கி, சில்லின் கூடுதல் விலையை ஈடுகட்டலாம். 2017இல் டெஸ்லா மாடல் 3 இவ்வழியில் சென்றது. ஒன்றிரண்டு யூனிட் மட்டுமே கொள்ளும் ஹைபிரிட் பேட்டரியில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது?

மாட்யூல் நீடித்து உழைப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முப்பந்தல் காற்றாலை ஒன்றிலிருந்து கழற்றிய ஐ.ஜி.பி.டி. மாட்யூலை ஒருமுறை திறந்து பார்த்தேன். ஜெல்லுக்கு அடியில், நூல்போன்ற அலுமினியக் கம்பியொன்று சில்லிலிருந்து பெயர்ந்து நின்றது. அது ஒட்டியிருந்த இடம் கருகியிருந்தது. சூடேறும்போது அலுமினியம் சிலிக்கானைப்போல் பல மடங்கு விரிவதால், ஒவ்வொரு சூடேறலும் ஆறலும் அந்த ஒட்டைச் சிறிது சிறிதாகத் தளர்த்துகின்றன. நின்று நின்று செல்லும் காரிலும் நடப்பது இதுவே. 2014இல் டொயோட்டா ஏறத்தாழ 19 லட்சம் பிரியஸ் கார்களைத் திரும்ப அழைத்ததும், மென்பொருள் அமைப்பால் சில டிரான்சிஸ்டர்கள் மிகையாகச் சூடாகிப் பழுதாகலாம் என்பதால்தான்.

சிலிக்கான் கார்பைடு அதிக வெப்பம் தாங்கும் என்பது பாதி உண்மையே. சிலிக்கானைவிட மிக விறைப்பான பொருளாதலால், பழைய ஈயப்பற்றின்மேல் வைத்தால் பற்று விரைவில் விரிசல் விடும். வெள்ளித்தூளை அழுத்திச் சுட்டு ஒட்டினால்தான் அதன் வலிமை பயன்தரும். குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) நேர்ந்தால் அது தாங்குவதும் சில மைக்ரோ விநாடிகளே என்பதால், காவல்சுற்று இன்னும் விரைந்து செயல்பட வேண்டும்.

ஆகவே சாதாரணக் குடும்ப ஹைபிரிட் காருக்கு, இருபுறமும் குளிரூட்டப்படும் ஐ.ஜி.பி.டி. மாட்யூலையே நான் தேர்வேன். வீட்டில் சார்ஜ் செய்து, நாள் முழுதும் பெரும்பாலும் மின்சாரத்திலேயே ஓடும் பிளக்-இன் வகையாயின், வெள்ளிப்பற்று கொண்ட சிலிக்கான் கார்பைடுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.