சொந்தப் பெயரிலா, பிறர் முத்திரையின் கீழா?

கனடாவின் ஒன்ராறியோவில் சான்று பெற்ற பொறியியல் தொழில்நுட்பவியலாளர் கட்டட வடிவமைப்புத் தொழில் தொடங்க இரண்டு வழிகள் உண்டு. மாகாணத்தின் கட்டட விதித் தேர்வுகளை எழுதி, பிசிஐஎன் (BCIN) எனப்படும் கட்டட விதி அடையாள எண் பெற்று, நிறுவனத்தைப் பதிவு செய்து தாமே வடிவமைப்பாளராகக் கையெழுத்திடலாம். அல்லது கட்டடக் கலைஞர்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் வரைபடம் வரைந்து கொடுக்கலாம். தொழில்நுட்பவியலாளர் சங்கம் தரும் சான்று மட்டும் அந்த எண்ணுக்கு ஈடாகாது என்பதைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள்.

இரண்டாவது வழியில் செலவும் பொறுப்பும் குறைவு, ஆனால் வாடிக்கையாளர் உங்களுடையவர் அல்லர்.

முதல் வழியில் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். அனுமதி விண்ணப்பத்தோடு இணைக்கும் வடிவமைப்பாளர் படிவத்தில் உங்கள் எண்ணும் கையெழுத்தும் இருக்கும். பேஸ்மென்டில் தனிக் குடியிருப்பு அமைக்கும்போது, படுக்கையறையின் அவசர வெளியேற்றச் சன்னலுக்கு 0.35 சதுர மீட்டர் திறப்பு வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதைத் தவறவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களே. மூன்று மாடிக்கோ 600 சதுர மீட்டர் மொத்தத் தளப் பரப்புக்கோ மேற்பட்ட கட்டடங்கள் பெரும்பாலும் கட்டடக் கலைஞருக்கும் பொறியாளருக்கும் உரியவை என்றாலும், நகரச் சேவைகள் உள்ள பெரும்பாலான குடியிருப்பு மனைகளில் மூன்று வீட்டு அலகுகள் வரை அனுமதித்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், அந்த வரம்புக்குள்ளேயே வேலை நிறைய இருக்கிறது. ஓராண்டாவது பிறரிடம் வரைந்து, அனுமதி அலுவலகம் திருப்பியனுப்பும் குறிப்புகளைப் படித்துப் பழகியவருக்கு நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன்.