மடுவுக்கு ஒரு வேன்: பதினான்கு பேர், மூன்று நாள்

மலையகத்து ஹட்டனிலிருந்து, மன்னார் மாவட்டக் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோயிலின் ஆவணித் திருநாளுக்கு வேன் விடுகிற ஒரு சேவையில், ஓகஸ்ட் 13ஆம் திகதி புறப்பட்டு 15ஆம் திகதி நள்ளிரவில் வீடு திரும்பினேன். வேனின் நெற்றியில் பெரிதாக எழுதியிருக்கும் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன்; சாரதித் தம்பியோ நான் படிப்பித்த பிள்ளையின் மகன். நாளைக்கு பஜாரில் அவன் முகத்தில் விழிக்க வேண்டும்.

தலைக்கு 9,500 ரூபாய், சாப்பாடு நம் செலவு. காலை நான்கு மணிக்கு எடுப்போம் என்றார்கள், எடுத்தது ஐந்தேகாலுக்கு. மாணிக்கப்பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் உடைக்காமல் தம்பி வண்டியை நகர்த்த மாட்டானாம். சரி, உடைக்கட்டும். தேங்காயை முந்தின நாளே வாங்கி வைத்திருக்க வேண்டாமா? கடை திறக்கும்வரை பதினான்கு பேரும் குளிரில் விறைத்தபடி இருந்தோம். மாதாவிடம் போகிற வண்டிக்குப் பிள்ளையார் வழிவிட வேண்டும் என்பதில் எங்களில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வண்டிக்குள்ளும் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, புத்தர் மூவரும் கண்ணாடிக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது தம்பியின் கால். பிரேக்கில் வைக்கிற காலைச் சொல்கிறேன். தேவாலயமோ சொரூபமோ கண்ணில் பட்டால், பின்னால் இருப்பவர்கள் சிலுவை அடையாளம் போட்டு முடிக்கும்வரை வேகத்தைக் குறைப்பான். யாரும் கேட்கவில்லை, சைவப் பிள்ளை, தானாகவே செய்தான். அதைக் கண்டுகொண்ட என் நாத்தனாரின் பேத்தி, ஒவ்வொரு தடவைக்கும் கொப்பியில் ஒரு கோடு போடத் தொடங்கினாள். ஹட்டனிலிருந்து வட்டவளை, கினிகத்தேன, கித்துல்கல என்று இறங்கி அவிசாவளை சேரும்வரை மூன்று கோடு.

மூன்றுதானா என்று நாத்தனார் குறைப்பட்டாள். எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான்கு டிவிஷன், நான்கிலும் மாரியம்மன் கோயில். மாதா கோயில் ஒன்றே ஒன்று, தகரக் கூரை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஃபாதர் வந்தால் பூசை. இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிற, 1878இல் கட்டிய வார்லி தேவாலயத்தைப் படம்பிடிக்க வெளிநாட்டார் வருகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. அங்கே கல்லறைகளில் வெட்டியிருப்பதும் அவர்கள் பெயர்களே. எங்களில் யார் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்று தெரிய வேண்டுமானால் தோட்டத்துத் தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோலைத்தான் புரட்ட வேண்டும். சவரியம்மா, அந்தோனிமுத்து, அருளாயி என்று அங்கே இருப்போம். இப்போது லயத்து வரிசை வீடுகளின் காம்பராக்களில் ஜெபச் சபைகள் வந்திருக்கின்றன. வெளியே சிலுவை கிடையாது, ஒலிபெருக்கி மட்டும் உண்டு. ஞாயிறு காலையில் காதில் விழும், கண்ணில் படாது.

கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் பூசை கண்டோம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதலுக்குப் பிறகு வாசலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். எங்கள் இடியப்பப் பொதியையும் திறந்து பார்த்தார்கள். வண்டியை வெகு தூரத்தில் விட்டதற்குத் தரிப்பிடக் கட்டணம் என்று தலைக்கு நூறு ரூபாய் தனியாக வாங்கினான் தம்பி. முன்கூட்டியே சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு நீர்கொழும்பு. அங்கே கணக்கு நின்றுபோனது. நாற்பதைத் தாண்டியதும் பேத்திக்குப் பென்சில் மழுங்கிவிட்டது, எங்களுக்குக் கை சோர்ந்துவிட்டது. சந்திக்குச் சந்தி கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சொரூபம். ஓர் இடத்தில் முச்சக்கரவண்டித் தரிப்பிடத்துக்கு மேலேயே செபஸ்தியார் நிற்கிறார். உடம்பெல்லாம் அம்பு, சுற்றி நீலமும் சிவப்புமாய் மின்குமிழ்கள். அவர் காலடியில் ஒரு சாரதி சாய்ந்து வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். முச்சக்கரவண்டிகளின் முதுகில் அந்தோனியார், மதில்களில் மாதா. மீன் வாங்கிப் பொரித்துச் சாப்பிடலாம் என்று வாயூறிப் போயிருந்தோம். அன்று ஞாயிறு, சந்தை வெறிச்சோடிக் கிடந்தது. ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை என்றார்கள். எங்கள் மலையில் ஞாயிறு என்பது கொழுந்து எடுக்காத நாள், அவ்வளவே. இங்கே மீனுக்கும் அது ஓய்வு நாள். தம்பி காட்டிய கடையில் கோழிக்கறியும் சோறும் சாப்பிட்டோம், சுமார்.

இனி என் பெரிய மனத்தாங்கல். துண்டறிக்கையில் ‘தலவில புனித அன்னம்மாள் தரிசனம்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் நாத்தனார் பணம் கட்டினாள். பாலாவியில் கற்பிட்டிப் பக்கம் திரும்ப வேண்டிய வண்டி, திரும்பாமல் நேராகப் போனது. “நேரம் போய்விட்டது டீச்சர், இருட்டுவதற்குள் காட்டு வீதியைக் கடக்க வேண்டும்” என்றான். காலையில் தேங்காய்க்காகப் போன ஒன்றேகால் மணித்தியாலத்தை அப்போது நினைவூட்டினேன். “மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர்” என்றான். நாத்தனார் அநுராதபுரம் வரை யாரோடும் பேசவில்லை.

புத்தளத்தில் பள்ளிவாசல்கள். அதைக் கடந்து அநுராதபுரம் போகிற நெடுஞ்சாலையில் கொப்பி மூடியே கிடந்தது. அரசமரமும் வெள்ளைப் புத்தருமாய் சந்திகள் கடந்துகொண்டிருந்தன. பெரிய வெள்ளிக்கு நாடு முழுவதும் விடுமுறை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எதற்கான விடுமுறை என்று தெரிந்திருக்குமா என்று யோசித்தேன். பிறகு சிரிப்பு வந்தது. முப்பது வருடம் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. மதவாச்சியில் பிளேன்டீ. செட்டிகுளம் வந்ததும் வண்டி வெளிச்சத்தில் பெயர்ப்பலகைகளில் மறுபடியும் முதலில் தமிழ் தெரிந்தது.

மடுவின் வரலாற்றைத் தம்பி மைக்கில் சொன்னான், ஆண்டைத் தப்பாகச் சொன்னான். எழுந்து திருத்தினேன். டச்சுக்காரரின் கெடுபிடிக்கு அஞ்சி 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்ததுதான் தொடக்கம். ஒளித்து வைப்பதற்காகத் தேடிய இடம். அந்த இடத்துக்கு 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து போனார்; இன்று திருநாளுக்கு வண்டி நிறுத்த இடமில்லை. தம்பி மைக்கை என்னிடமே கொடுத்துவிட்டான். அடுத்த பயணத்திலும் அதே ஆண்டைத்தான் சொல்வான், எனக்குத் தெரியும்.

தங்கியது கூடாரத்தில், அது கட்டணத்தில் அடக்கம். எங்களுடையதற்கு வாசல் ஸிப் வேலை செய்யவில்லை, ஊசியால் குத்தி மூடினோம். ஆனால் குடிதண்ணீருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் கண் விழிப்பதற்குள் கேன்கள் நிரம்பியிருக்கும். மலைநாட்டு உடம்புக்கு அந்த வெக்கையில் அதுதான் உயிர்.

14ஆம் திகதி காலை மன்னாருக்குக் கூட்டிப்போனான். கடலைக் கடந்து தீவுக்குள் நுழைந்து பேசாலை வரை போனோம். வெற்றி மாதா கோயிலின் அளவைப் பார்த்து நாத்தனார் வாயடைத்து நின்றாள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது ஒரு சின்ன விஷயம். கருவாடு வாங்கப்போன கடையில் அந்த ஐயா என் பேச்சைக் கேட்டு வெளியூர் என்று கண்டுகொண்டார். “நீங்கள் எந்தப் பங்கு, அம்மா?” என்றார். பங்கு என்றால் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரம். நான் தடுமாறினேன். அறுபத்திரண்டு வயதில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மலையில் முன்பின் தெரியாதவர் கேட்பது “எந்தத் தோட்டம்?” என்றுதான். கேட்டவருக்கு நான் வேதக்காரியா இல்லையா என்ற சந்தேகமே எழவில்லை. அந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் வேதக்காரர்கள். வாய் தவறித் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அது ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டு, “அங்கே சுவாமியார் யார்?” என்று அடுத்த கேள்வி கேட்டார். கருவாட்டில் ஐம்பது ரூபாய் குறைத்தும் தந்தார்.

அன்று மாலை வேஸ்பர் ஆராதனையிலும் மறுநாள் பூசையிலும் தமிழும் சிங்களமும் மாறி மாறி ஒலித்தன. கூட்டத்தில் பாதியைத் தம்பி தோளால் விலக்கி எங்களை முன்னால் கொண்டுபோனான். புறப்படும்போது எல்லோரும் மடு மண் அள்ளினோம். பாம்புக்கடிக்கு மருந்து என்று தலைமுறை தலைமுறையாக நம்புகிற மண். பக்கத்து லயத்து மாரியம்மன் பூசாரியின் மனைவி தனக்கும் ஒரு பொட்டலம் சொல்லிவிட்டிருந்தாள். தம்பியும் ஒரு பிடி அள்ளிப் பத்திரிகைத் தாளில் மடித்து, பிள்ளையாருக்கும் புத்தருக்கும் நடுவில் செருகினான். “டீச்சர், இது குளவிக் கொட்டுக்கும் கேட்குமா? அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறார்” என்றான். கேட்கும் என்று சொல்லிவிட்டேன். ஃபாதர் காதில் விழாதவரை சரி.

போகிறவர்கள் கழுத்துக்குத் தலையணை கொண்டுபோங்கள். கடைசி வரிசை ஆசனம் வேண்டவே வேண்டாம். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், தரிப்பிடக் கணக்கு அடிக்கடி வரும். அடுத்த ஆவணிக்கு நாத்தனாரும் நானும் இதே வேனுக்கு முற்பணம் கட்டிவிட்டோம். தலவிலவுக்குக் கட்டாயம் போவதாகவும், தேங்காயை முந்தின நாளே வாங்குவதாகவும் ரசீதின் பின்புறத்தில் தம்பியின் கையெழுத்தோடு எழுதி வாங்கியிருக்கிறேன்.