பச்சைக் குடைமிளகாயா, சிவப்பா? கேஎல் (கோலாலம்பூர்) சமையலறைக்கு எது சரி

பச்சையும் சிவப்பும் வேறு வேறு காய் என்று நினைத்து வாங்குபவர்கள் இன்னும் நிறைய பேர். பெரும்பாலும் பச்சை என்பது பழுக்கும் முன்பே பறித்ததுதான். செடியிலேயே இன்னும் இரண்டு மூன்று வாரம் விட்டிருந்தால் ரகத்தைப் பொறுத்து சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறியிருக்கும். அத்தனை நாள் கூடுதலாகத் தண்ணீரும் உரமும் கொடுத்து, பூச்சியிலிருந்தும் காப்பாற்ற வேண்டியிருப்பதால்தான் சிவப்புக்கு அந்த விலை.

பிரட்டலுக்கும் சம்பாலுக்கும் நான் பச்சையைத்தான் சொல்வேன். அதன் லேசான கசப்பு மசாலாவோடு நன்றாகச் சேரும். சிவப்பை அதே சட்டியில் போட்டால் அதன் இனிப்பு மிளகாய்த்தூளில் காணாமல் போய்விடும், காசும் வீண். ஆனால் சமைக்காமல் அப்படியே கடித்துத் தின்ன, பிள்ளைகளுக்கு டப்பாவில் நறுக்கி வைக்க, சிவப்பை மிஞ்ச எதுவும் இல்லை. வைட்டமின் சியும் அதில்தான் அதிகம்.

மலிவாக இருக்கிறதென்று பச்சையை வாங்கி, வீட்டில் வைத்துப் பழுக்க வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தக்காளி மாதிரி இது பறித்த பிறகு பழுக்காது. பாதி நிறம் ஏறிய காய் வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் சிவக்கும், அவ்வளவுதான்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு சௌக்கிட் சந்தைக்கு. சூப்பர்மார்க்கெட்டில் மூன்று நிறத்தையும் சேர்த்து பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருப்பார்கள், காம்புப் பக்கத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. அழுகல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். காம்பு பச்சையாக, தோல் விறைப்பாக, கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். அடியில் மூன்று மேடா நான்கு மேடா என்று எண்ணி ஆண் காய், பெண் காய் என்று பிரிப்பதில் அர்த்தமே இல்லை.

சேமிப்பில்தான் இரண்டும் நன்றாக வேறுபடும். குடைமிளகாய்க்குப் பிடித்தது 7 முதல் 10 டிகிரி. ஃபிரிட்ஜின் மேல்தட்டு அதைவிடக் குளிர். அங்கே பல நாள் கிடந்தால் பச்சைக் காயின் தோலில் சின்னச் சின்னக் குழிகள் விழும். சிவப்பு குளிரை இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் ஏற்கெனவே பழுத்துவிட்டதால் சீக்கிரம் தளர்ந்துவிடும். அதனால் இரண்டையும் கழுவாமல் காய்கறி டிராயரில் வைத்து, சிவப்பை முதலில் தீர்த்துவிடுங்கள். நறுக்கியதை மூடிய டப்பாவில் மூன்று நான்கு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். மிஞ்சினால் ஃபிரீசரில் போடலாம். மொறுமொறுப்பு போய்விடும், சமைக்க ஆகும்.

பால்கனியில் வளர்க்க ஆசையா? கேமரன் மலையில் 1,400 மீட்டர் உயரக் குளிரில், பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வளரும் காய் இது. கேஎல்லில் இரவிலும் 24 டிகிரிக்குப் பக்கம் இருப்பதால் பூ பூக்கும், பிடிக்காமல் கொட்டும். பெரிய ரகத்தை விட்டுவிட்டு சின்னக் காய் ரகத்தை எடுங்கள், வெயிலைச் சற்று நன்றாகத் தாங்கும். முதல் காய்களைச் சிவக்க விடாமல் பச்சையிலேயே பறித்தால், செடி அடுத்த காய்களுக்குத் தெம்போடு இருக்கும்.