ஃபோம் மேல் ஃபைபர் கிளாஸ் பம்பர்: 3 வருடமாகியும் தீராத எரிச்சல்

நான் காருக்கு முன் பம்பர் செய்த மாதிரியே பக்கவாட்டு ஸ்கர்ட்டையும் (கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டை) ஃபோமில் செதுக்கி, மேலே ஃபைபர் கிளாஸ் போட்டு மாட்டிவிடலாமா என்று நண்பர் கேட்டார். பெயிண்ட் அடித்த பிறகு வெயிலில் அது என்ன செய்யும் என்பதைச் சொல்லாமல் 'சரி' என்று சொல்ல மனம் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செதுக்குகிற வேலை அத்தனை சுகம். கன மீட்டருக்கு 60 கிலோ அளவில் அடர்த்தியுள்ள பாலியூரிதேன் பலகை, ஹேக்ஸா பிளேடு, 80 நம்பர் உப்புத்தாள் போதும். நினைத்த வளைவு கைக்கு வரும். அதிகமாகச் சீவிவிட்டால் ஒரு துண்டை ஒட்டி மறுபடி செதுக்கலாம். உடைந்தாலும் கவலையில்லை. விரிசலின் இருபுறமும் 5 செ.மீ. சரிவாகத் தேய்த்து, மூன்று அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டால் மறுநாளே பட்டி பார்க்கலாம்.

தெர்மாகோல் மட்டும் வேண்டாம். மேட்டை நனைத்து இறுகவைக்கும் திரவமான பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் கரைக்காது, ஆனால் சாதாரண மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் இளகும் என்பதால், எபாக்ஸிக்கு நெய்த கண்ணாடி இழைத் துணிதான் சரி.

தலைப்பில் எரிச்சல் என்று சொன்னது பெயிண்டின் மேல் தெரியும் கோடுகளைத்தான். பலகைகள் ஒட்டிய இடம், பட்டியின் விளிம்பு, மேட்டின் இழை எதுவும் பெயிண்ட் அடித்த அன்று தெரியாது. சில வாரம் வெயில் பட்டதும், சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். தேய்த்து, பிரைமர் அடித்து, பெயிண்டும் அடித்தாயிற்று. அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே கோடு. கறுப்பு வண்டியில் இது இன்னும் கொடுமை.

பாலியஸ்டர் ரெசின் ஒரு மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், ஆனால் முழுதாக இறுகியிருக்காது. மீதமுள்ள ஸ்டைரீன் சூட்டில் மறுபடி வினைபுரிந்து சுருங்கும். ரெசின் தேங்கிய இடம் அதிகமாகவும் இழை நெருங்கிய இடம் குறைவாகவும் சுருங்குவதால் மேற்பரப்பு மேடு பள்ளமாகும். ஒட்டுக்கோட்டின் கதை வேறு. பசை ஃபோமைவிடக் கடினம். உப்புத்தாள் ஃபோமைத் தின்றுவிட்டுப் பசையை விட்டுவிடும். அந்த வரப்பின் மேல்தான் மேட் படிகிறது.

அதனால் பசையைச் செதுக்கும் பரப்பிலிருந்து 3 செ.மீ. உள்ளேயே நிறுத்த வேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் மூன்று அடுக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வரும், ஃபோமை அந்த அளவு குறைத்தே செதுக்க வேண்டும். ஓர் அடுக்கில் ஒரு சதுர மீட்டர் மேட்டுக்கு ஒரு கிலோ ரெசின் போதும். கூடுதலாக ஊற்றினால் பலம் கூடாது, சுருக்கம்தான் கூடும். ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்டனர் (ரெசினை இறுகச் செய்யும் திரவம்) 15 கிராம், தராசில் எடை பார்த்துத்தான். கண் அளவில் குறைவாக ஊற்றிய ரெசின் கடைசிவரை சரியாக இறுகாது. மூலைகளை 6 மி.மீ. ஆரத்துக்காவது உருட்டாவிட்டால் மேட் எழும்பிக்கொள்ளும். அடியில் சிக்கிய காற்று சூட்டில் கொப்புளமாகும்.

கேனில் வரும் ஸ்ப்ரே ஃபோமை இடுக்கு அடைக்கக்கூட எடுக்காதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. தடிமனாக அடித்தால் நடுவில் பச்சையாகவே நின்று, ஃபைபர் போட்ட பிறகும் உப்பும்.

ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாகக் கலக்கும் ரெசின் என்றால், கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாகச் சேரவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் ஹார்டனர்.

ஓரளவு பலன் தந்தது ஒன்றே: பிரைமர் அடித்த நிலையில் மூன்று வாரம் வெயிலில் போட்டுவைத்து, சுருங்குவதெல்லாம் சுருங்கிய பிறகு நீளமான கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்ப்பது. அப்படியும் ஒட்டுக்கோடு முழுதாகப் போகவில்லை.

இத்தனை புகழ்ந்த பிறகும், நேரடியாக மாட்டவா என்று கேட்டால் என் பதில் வேண்டாம்தான். பானெட்டை இப்படிச் செய்வதை நினைத்தே பார்க்க வேண்டாம். ஸ்கர்ட்டை ஃபோமில் செதுக்கு, மேலே ஃபைபர் போடு, பளபளவென்று தேய், வாக்ஸ் போட்டு அதிலிருந்து மோல்ட் (அச்சு) எடு. வண்டியில் ஏறுவது அந்த மோல்டில் ஜெல் கோட் (வெளிப்பரப்பாக அமையும் கெட்டியான ரெசின் பூச்சு) அடித்து, ஃபைபர் போட்டு எடுத்த துண்டாக இருக்கட்டும். அதற்குள் ஒட்டு இல்லை, ஃபோமும் இல்லை.